மூன்றாண்டுக் கணக்கு

கடல்கடந்து வாணிகம் செய்யக் கருதும் எவருக்கும் முதலில் எழவேண்டிய வினா எந்தப் பொருளை விற்பது என்பதன்று. அங்கே தமக்காக யார் நிற்பது என்பதே. பொருள் தவறினால் மற்றொரு பொருளை அனுப்பிக்கொள்ளலாம். ஆள் தவறினாலோ, செய்தி கேட்டுக் கப்பலேறிப் போய்ச் சேர்வதற்குள் கடையே கைமாறியிருக்கும். தாமே போகலாம், தம்பியை அனுப்பலாம், சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்தலாம், அந்த ஊர்க்காரரோடு பங்கு சேரலாம், பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஆண்டுக்கொரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடவும் செய்யலாம். இன்றைய வணிக நிருவாக நூல்கள் இவற்றுக்கு முகவாண்மை, கிளை, கூட்டுத் தொழில், துணை நிறுமம், உரிமம் என்று தனித்தனிப் பெயர் சூட்டி, ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் அட்டவணையிட்டுக் காட்டுகின்றன. மலேசியத் தமிழரின் வரலாற்றில் இவை யாவும் மனிதர்களின் வாழ்வாகவே வந்து போயிருக்கின்றன.

தமிழ் வணிகர்க்கு இவ்வினா புதியதும் அன்று. இன்றைய தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்ததைக் கூறுகிறது. சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று திசையாயிரத்து ஐந்நூற்றுவரைப் பேசுகிறது. அயல்மண்ணில் குளத்தைக் காக்கும் பொறுப்பை ஒரு வணிகக் குழு ஏற்றதென்றால், அங்கே நெடுநாள் தங்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது என்பதே பொருள். இந்தத் தங்கும் எண்ணம் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே பிற்கால வாணிகங்களின் கதையும் அமைந்தது. அதனால்தான் அந்தக் குளத்தை ஈண்டு நினைவுகூர வேண்டியதாயிற்று.

அண்மை நூற்றாண்டுகளில் மலாயாவின் தமிழ் வாணிகத்தைப் பற்றி எண்ணும்போது முன்வந்து நிற்போர் நாட்டுக்கோட்டை நகரத்தார். வெளிநாட்டுக்குத் தொழில் செய்யப் போவதை அவர்கள் 'கொண்டுவிக்கப் போதல்' என்றனர். கொண்டுபோய் விற்றல் என்பதன் பேச்சு வடிவம் அது. ஆயினும் மலாயாவுக்கு அவர்கள் கொண்டு வந்து விற்ற தலையாய சரக்கு பணமேயாகும். பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காலூன்றிய அவர்கள், சிலாங்கூரில் ஈயம் செழித்து, 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே இருப்புப் பாதை அமைந்த பின்னர் இப்பக்கம் திரும்பினர். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரப்பர் காடுகளை விழுங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கம் வைத்த சீனருக்கும், சிறுதோட்டம் போட்ட மலாய்க்காரருக்கும் சீனருக்கும், மாதச் சம்பளம் போதாத கிராணிமாருக்கும் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகளின் வாசற்படி அவர்களுக்கு உயரமாக இருந்தது. லெபோ அம்பாங்கிலோ படியே இல்லை. தெருவிலிருந்து நேரே உள்ளே போய்ப் பாயில் அமர்ந்து பேசலாம்.

அந்தக் கடைவீட்டுக்குக் கிட்டங்கி என்று பெயர். நீளமான ஒரே கூடம். தரையில் வரிசையாகத் தாழ்ந்த மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னும் சம்மணமிட்டு ஒருவர். ஒரு கூரையின் கீழ்ப் பல முதலாளிகளின் கடைகள் நடந்தன. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே சுவரில்லை. பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. கடைக்குப் பெயர்ப்பலகையைவிட விலாசமே முதன்மையானது. பாட்டன், தந்தை, மகன் என்று தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அந்த இரண்டு மூன்று எழுத்துகள் ரங்கூனிலும் சைகோனிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் ஒன்றையே குறித்தன. அந்த எழுத்துகளுக்கு உரியவரோ பெரும்பாலும் எந்தக் கிட்டங்கியிலும் அமர்ந்திருக்கவில்லை. அவர் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ தம் வீட்டுத் திண்ணையில் இருந்தார்.

பெட்டிக்குப் பின் அமர்ந்திருந்தவர் அவருடைய மேலாள். ஆங்கிலத்தில் ஏஜெண்டு என்றனர். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். ஆளை ஆராய்ந்து நம்புதல் ஒன்று. நம்பியவரிடம் வேலையை ஒப்படைத்து நடத்துதல் மற்றொன்று. அரசர்க்குச் சொன்ன இவ்விரண்டையும் செட்டிநாட்டு முதலாளி தம் தொழிலில் ஒரு நடைமுறையாகவே ஆக்கிக்கொண்டார் எனலாம். மேலாள் ஒரே நாளில் மேலாள் ஆனவர் அல்லர். பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, ஏவல் செய்து, வட்டி வாய்பாட்டை மனப்பாடமாக்கி, பேரேடு எழுதிப் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, கடன் கேட்டு வருவோரின் முகத்தைப் படிக்கக் கற்ற பின்னரே ஒருவருக்குப் 'பவர்' எழுதிக் கொடுக்கப்பட்டது. அவர் முதலாளியின் மகனாகவோ தம்பியாகவோ இருக்கவேண்டும் என்பதில்லை; நகரத்தாராக இருக்கவேண்டும். முதலாளியின் பெயரால் கடன் கொடுக்கவும், வாங்கவும், நிலத்தை ஈடாகப் பிடிக்கவும், வழக்குத் தொடுக்கவும் அந்தப் பத்திரம் அவருக்கு முழு உரிமை அளித்தது. சட்டத்தின் கண்ணுக்கு அவரே முதலாளி.

இத்தனை உரிமைக்கும் எல்லையாக இருந்தது காலம். சம்பளச் சீட்டு பெரும்பாலும் மூன்றாண்டுக்கு எழுதப்பட்டது. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக ஊரிலுள்ள குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. மூன்றாண்டு முடிந்ததும் புதிய மேலாள் வந்து இறங்குவார். பழையவர் அவரைக் கூட்டிக்கொண்டு கடனாளிகளின் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போய் முகங்காட்டுவார். பேரேட்டையும் பத்திரங்களையும் ஒப்படைப்பார். பின் ஊர் திரும்பி முதலாளியிடம் கணக்கு முடிப்பார். ஆதாயத்தில் அவருக்கு உரிய பங்கு அப்போதுதான் தீரும். இடைப்பட்ட காலத்தில் ஐந்தொகைக் கணக்கு கடல் கடந்து தவறாமல் போய்க்கொண்டிருந்தது. முதலாளி அதைக் கொண்டே தம் மேலாளின் நடையை அளந்தார்.

ஏன் மூன்றாண்டு? ஓராண்டாயின், வந்தவர் ஊரையும் மக்களையும் அறிவதற்குள் திரும்பவேண்டும். பத்தாண்டாயின், கடனாளிகள் முதலாளியை மறந்து மேலாளையே அறிவர். மூன்றாண்டு என்பது ஒருவர் தொழிலை நடத்துவதற்குப் போதுமானது. தொழிலைத் தமதாக்கிக்கொள்வதற்குப் போதாதது. கணக்கு முடித்துக் கையில் பணம் சேர்ந்தவர் பின்னர்த் தாமே முதலாளியாகித் தம் விலாசத்தில் வேறொரு மேலாளை அனுப்புவதும் உண்டு. இதைத் துரோகம் என்று எவரும் சொல்லவில்லை. அந்த வாசல் திறந்திருந்ததால்தான் பெட்டியடிப் பையன் பெட்டியின் மேல் தலைவைத்துத் தூங்கினான். திறமையுள்ளவர் திருட வேண்டிய தேவையும் குறைந்தது. இந்த ஏற்பாட்டில் மிகவும் நுட்பமான பகுதி இதுவே எனத் தோன்றுகிறது. ஊழியரைக் கண்காணிக்க எத்தனையோ வழிகளைப் பிற நிறுவனங்கள் கண்டுபிடித்தன. ஊழியர் ஒரு நாள் தமக்கே போட்டியாளராவார் என்பதைச் சம்பளச் சீட்டிலேயே ஏற்றுக்கொண்ட நிறுவனங்கள் மிகக் குறைவு.

சீட்டு மட்டும் காவலாக நிற்கவில்லை. சுவரில்லாத கிட்டங்கியில் ஒருவர் செய்வதைப் பத்துப் பேர் பார்த்தனர். வட்டி விகிதத்தை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் நகரத்தார் கூடி முடிவு செய்தனர். சென்ற இடமெல்லாம் முருகனுக்குக் கோயில் எழுப்பினர். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த தண்டாயுதபாணி கோயில் பலரும் அறிந்தது. கோலாலம்பூரில் ஈப்போ சாலைக் கோயில் அவ்வரிசையில் வந்தது. தொழிலின் ஒரு பங்கு மகமையாகக் கோயிலுக்குப் போனது. அங்கே நடந்தது வழிபாடு மட்டும் அன்று; பூசை முடிந்த பின் பஞ்சாயத்தும் நடந்தது. கோலாலம்பூரில் கணக்கை மறைத்தவரின் செய்தி அடுத்த கப்பலில் காரைக்குடி போய்ச் சேரும்; அவர் மகளுக்குப் பெண் கேட்டு வருவோர் தயங்குவர். நீதிமன்றம் எழுதும் தீர்ப்பைவிட அது கடுமையானது. முதலாளி தம் சொந்த முதற்பணத்தோடு, உறவினர் நம்பி ஒப்படைத்த மேம்பணத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தமையால், ஒரு மேலாள் தவறினால் பல வீடுகளின் சீதனம் தவறியது.

இந்தச் சீரான ஏற்பாட்டுக்கு விலை கொடுத்தோர் பேரேட்டில் இடம் பெறவில்லை. மேலாள் மனைவியை அழைத்து வரும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. கப்பல் புறப்பட்ட பின் அந்தப் பெண் எண்ணியதும் மூன்றாண்டுக் கணக்குத்தான். மகன் பிறந்ததைக் கடிதத்தில் படித்து, அவன் நடந்து வருவதைத் துறைமுகத்திலிருந்து திரும்பிய பின் கண்ட தந்தையர் பலர். ஓராண்டோ ஈராண்டோ ஊரில் இருந்துவிட்டு மீண்டும் பயணம். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இழைத்த செட்டிநாட்டு மாளிகைகளைக் காணச் செல்வோர் அவற்றின் நீளத்தையும் தூண்களையும் வியக்கின்றனர். அந்த வளவுகளில் ஆண்டின் பெரும்பகுதி பெண்களும் முதியோரும் சிறுவருமே நடமாடினர் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் அந்த வீடுகள் முழுமையாகத் தெரியும். இங்கே லெபோ அம்பாங்கில் பாயில் படுத்திருந்தவர், அங்கே தாம் கட்டிய வீட்டில் தம் வாழ்நாளில் பாதியும் தூங்கவில்லை.

கடன் பட்டோரின் கதையும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் ஒரு காலத்தில் செங்கற்சூளைகளின் ஊர்; பின்னர் இருப்புப் பாதை ஊழியரின் குடியிருப்பு. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து, கையெழுத்தும் ஆங்கிலமும் கற்று, அரசாங்கத்தின் கீழ்நிலை அலுவலர்களாக இருந்த அவர்களுக்கு மாதக் கடைசியும் தீபாவளியும் மகளின் திருமணமும் ஒன்றுபோலவே நெருக்கடி. செட்டியாரிடம் நோட்டு எழுதிக் கொடுத்தனர். அரசாங்க ஊழியரின் கடன் சுமை அரசையே கவலைகொள்ளச் செய்தமையால் 1922இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் அஞ்சல் தந்தி ஊழியரின் சிக்கனக் கடன் சங்கம் நாட்டின் முதற் சங்கமாகப் பதிவாயிற்று. மலாய் விவசாயியின் நிலம் ஈடாகி ஏலத்துக்குப் போவதைத் தடுக்க 1913இல் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், 1933இல் மேலும் இறுக்கப்பட்டது. நகரத்தாரைக் கொடுமைக்காரராகச் சித்திரிப்பது எளிது. அவர் கொடுத்த பணம் இல்லையேல் இந்நாட்டுச் சிறுதோட்டங்கள் பல தோன்றியே இரா என்பதும் உண்மை. ஆனால் மூன்றாண்டில் கணக்கு முடித்துப் போகவேண்டிய மேலாள், கடனாளியின் முப்பதாண்டு வாழ்வைப் பற்றி எண்ணுவதற்கு அந்தச் சீட்டில் இடமில்லை. அவர் கல்நெஞ்சர் என்பதால் அன்று. அவரை அனுப்பிய முறை அப்படி.

இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் இதே காலத்தில் வேறொரு முறையும் நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயரின் ஏஜென்சி நிறுவனங்கள் அவை. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி, 1910இல் மலாக்காவில் தொடங்கிய சைம் டார்பி, ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு ஆகியவை இலண்டனில் பங்குகளை விற்றுத் தோட்டக் கம்பெனிகளை உருவாக்கின. அக்கம்பெனிகளின் செயலாளராகவும் நிருவாகியாகவும் தாமே அமர்ந்து கட்டணம் பெற்றன. முதல் போட்டவர் இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரில் ஓய்வூதியம் வாங்கும் பாதிரியாராகவோ கைம்பெண்ணாகவோ இருக்கலாம். தம் பால்மரத்தை அவர் பார்த்ததே இல்லை. தோட்டத்துச் சின்னத்துரையும் நான்கைந்து ஆண்டுக்கொரு முறை தாயகத்து விடுமுறைக்குப் போனவர்தாம். தொலைவிலிருந்து ஆளும் தொல்லை இருவர்க்கும் ஒன்றே. விடை மட்டும் வேறாயிற்று. செட்டியார் உறவையும் கோயிலையும் நம்பினார். ஆங்கிலேயர் பங்குப் பத்திரத்தையும் தணிக்கையாளரையும் நம்பினார்.

இவ்விரு முறைகளில் எது உயர்ந்தது என்று அக்காலத்தில் கேட்டிருந்தால் எவரும் தயங்கியிருப்பர். செட்டியாரின் செலவு குறைவு, முடிவு விரைவு, கடனாளியை அவர் நேரில் அறிந்திருந்தார். புயல் அடித்தபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசியும் இரப்பரும் விலை சரிந்தன. பணத்தைத் திருப்ப முடியாதோர் நிலத்தைக் கொடுத்தனர். பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1937-38இல் அது 25 விழுக்காடாயிற்று. கொண்டுபோய் விற்பவர் கொண்டுபோக முடியாத பொருளுக்கு உரியவரானார். நிலத்தைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியாது. 1942இல் சப்பானியர் நுழைந்தபோது பர்மாவிலிருந்து கால்நடையாக ஓடிவந்தோரில் அந்த நிலங்களின் மேலாட்களும் இருந்தனர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது.

மலாயாவில் அடி வேறு வகையில் விழுந்தது. சப்பானியர் ஆட்சியில் வாழைமர நோட்டு வெளிவந்தது. கடனாளிகள் பழைய வெள்ளிக் கடனை அந்தத் தாளில் கட்டித் தீர்த்தனர். வாங்க மறுக்கும் துணிவு எவருக்கும் இல்லை. போர் முடிந்ததும் தாள் குப்பையாயிற்று. அவ்வாறு தீர்த்த கடன்களை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு 1948இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. 1951இல் வட்டித் தொழிலுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. இவையெல்லாம் தாங்கக்கூடிய அடிகள். தாங்க முடியாத அடி 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம். 1926 முதல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் ஓடிய ரஜூலா கப்பலில் எவரும் ஏறி வரலாம் என்ற காலம் அதோடு முடிந்தது. பழைய மேலாள் போனால் புதியவர் வருவார் என்ற உறுதி அற்றுப் போனபோது, மூன்றாண்டு முறையின் அச்சாணி கழன்றது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் ஒவ்வொருவரும் பெர்மிட் பெறவேண்டும் என்றபோது எஞ்சியிருந்த வழியும் குறுகியது.

ஆகவே மேலாள் முன் இரண்டே பாதைகள் இருந்தன. குடியுரிமை பெற்று, மனைவி மக்களை அழைத்துக்கொண்டு, இந்நாட்டவராதல் ஒன்று. விற்றுவிட்டுப் போதல் மற்றொன்று. தங்கியோரின் பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போயினர், மருத்துவராயினர், வழக்கறிஞராயினர். கிட்டங்கியில் பாயை விரிக்க அவர்களில் எத்தனை பேர் விரும்பியிருப்பர்? போனவர்கள் விற்றனர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியரும் பிறரும் தோட்டங்களை விற்க, வாங்கியோர் துண்டுதுண்டாக்கி மறுபடி விற்க, தலைமுறைகளாக அங்கே பால்வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடமே திரட்டித் தோட்டத்தை வாங்குவது என்ற எண்ணத்தோடு 1960இல் சம்பந்தன் அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அந்தத் துயரத்துக்கு எழுந்த மறுமொழி. பிரிக்ஃபீல்ட்ஸின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கடன் வாங்கிய கிராணிமார் நடந்த சாலையும் அதுவே.

ஆங்கிலேயரின் கம்பெனிகளோ விற்கப்பட்ட பின்னும் சாகவில்லை. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், நான்கு மணி நேரத்துக்குள், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி அதன் தோட்டங்களை மலேசியருடையதாக்கியது. மரங்கள் அங்கேயே நின்றன; கிராணி அதே மேசையில் அமர்ந்திருந்தார். முதலாளி மட்டும் மாறினார். பங்குப் பத்திரத்தில் முதலாளி யார் என்பது ஓர் எழுத்து மாற்றம். செட்டியாரின் விலாசமோ பாட்டன் பெயரின் எழுத்து. அதை எவரும் சந்தையில் வாங்க முடியாது, எவருக்கும் விற்கவும் முடியாது. பாகப் பிரிவினையில் அது கரைந்து போனது. எந்த உறவு அந்த முறையைக் காத்ததோ, அந்த உறவே அதைத் தன்னோடு எடுத்துச் சென்றது.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர் நகரத்தாரிலேயே ஒருவர் இருந்தார். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் குடும்ப விலாசத்தோடு நில்லாமல், பங்குகளால் ஆன ஒரு வங்கியை வெளிநாட்டு வாணிகத்துக்கென்றே உருவாக்கினார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒருசேரத் திறக்கப்பட்டது. அடுத்துப் பினாங்கில் கிளை. அந்தக் கிளைகளின் வரிசையைப் பார்த்தாலே அது கிட்டங்கிகளின் வரைபடம் என்பது புலனாகும். மேலாளுக்குப் பதில் மேலாளர். பாய்க்குப் பதில் நாற்காலி. ஐந்தொகைக்குப் பதில் ஆண்டறிக்கை. மேலாளரை எத்தனை ஆண்டுக்கொரு முறை வேண்டுமாயினும் மாற்றலாம், வங்கி இருக்கும். கடல்கடந்த வங்கியை நிறுவிய அவர் 1954 மார்ச் 13இல் சிங்கப்பூர்க் காலாங் நிலையத்தில் இறங்கும்போது நொறுங்கிய விமானத்தில் உயிரிழந்தார்.

உறவின் நலிவைப் பங்கு தீர்த்தது. ஆயின் பங்குக்கும் ஒரு நலிவு உண்டு என்பதை அவர் காணவில்லை. 1969 ஜூலை 19இல் இந்திய அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும், இந்தியன் வங்கியும், யுனைட்டெட் கமர்ஷியல் வங்கியும் அவற்றுள் அடங்கின. மூன்றுக்கும் மலேசியாவில் கிளைகள் இருந்தன. கோலாலம்பூரில் எந்தக் கடனும் கெடவில்லை, எந்த மேலாளரும் தவறு செய்யவில்லை. எனினும் தில்லியில் எழுதிய ஓர் ஆணையால் அக்கிளைகளின் முதலாளியாக ஓர் அயல் அரசாங்கம் அமர்ந்துவிட்டது. அயல் அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்கலாகாது என்று மலேசியச் சட்டம் கூறியது. 1973இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தன் ஐந்து கிளைகளையும் மூடிக் கணக்கைக் கைமாற்றியது. மூன்று வங்கிகளின் கிளைகளையும் ஏற்று யுனைட்டெட் ஆசியன் வங்கி என்னும் மலேசிய நிறுமம் பிறந்தது. அதில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு 16.67 விழுக்காடு பங்கு கிடைத்தது. தாய்லாந்திலும் இதே நிலைதான்: பாங்காக் கிளைக்காக அதே ஆண்டில் இந்தியாவில் பாரத் ஓவர்சீஸ் வங்கி என்று தனியாரும் பங்கு கொண்ட ஒரு வங்கியை அமைக்க நேர்ந்தது. தன் கிளையைத் தானே வைத்துக்கொள்ள முடியாமல், பிறர் கையில் வைத்துக் காத்த காட்சி அது.

கிளைக்கும் சிறுபான்மைப் பங்குக்கும் உள்ள வேறுபாடு ஏட்டில் சிறியது. கிளையில் கட்டளை இடலாம். சிறுபான்மைப் பங்கில் கருத்துச் சொல்லலாம். 1980களின் நடுவில் மலேசியாவைத் தாக்கிய மந்தத்தில் யுனைட்டெட் ஆசியன் வங்கி பெரிய இழப்புகளுக்கு ஆளானது. 1991இல் அது பேங்க் ஆப் காமர்ஸ் வங்கியோடு இணைந்தது. அதுவும் பின்னர் வேறு இணைப்புகளைக் கண்டு இன்றைய சி.ஐ.எம்.பி. குழுமத்துக்குள் அடங்கிற்று. லெபோ அம்பாங்கில் ஒரு காலத்தில் பாயில் அமர்ந்து தொடங்கிய ஒரு வாணிகத்தின் சிறு ஓடை அந்தப் பெரிய ஆற்றில் எங்கே கலந்தது என்று இன்று அங்கே கணக்கு வைத்திருக்கும் தமிழர்க்கே தெரியாது.

இந்திய வங்கிகள் மீண்டும் வந்தன. 2010 அக்டோபரில் இந்தியத் தலைமையமைச்சர் மன்மோகன் சிங் கோலாலம்பூர் வந்து, நஜிப்புடன் பிரிக்ஃபீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா'வைத் திறந்து வைத்த காலம் அது. துன் சம்பந்தன் சாலையில் வளைவுகளும் வண்ணங்களும் ஏறின. இரண்டாண்டு கழித்து, 2012இல், இந்தியா இன்டர்நேஷனல் வங்கி மலேசியாவில் கதவு திறந்தது. இம்முறை அது கிளையன்று; இந்நாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுமம். பரோடா வங்கிக்கு 40, இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு 35, ஆந்திரா வங்கிக்கு 25 என்று மூன்று இந்திய அரசு வங்கிகள் பங்கு பிரித்துக்கொண்டன. 1973இல் தடையாக நின்ற அதே அரசுடைமை, இப்போது இரு அரசுகளின் நட்பால் நுழைவுச் சீட்டாயிற்று.

ஒருவரே முழுப் பொறுப்பையும் ஏற்க அஞ்சியமையால் மூவர் சேர்ந்தனர் எனலாம். மூவர் சேர்ந்தமையால் எவருடைய விலாசமும் வாசலில் இல்லை எனவும் கூறலாம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய வங்கி தன் பழைய ஊரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய உரிமையோடு அமர்ந்தது. 2020 ஏப்ரல் முதல் நாள், இந்திய அரசின் வங்கி இணைப்புத் திட்டப்படி ஆந்திரா வங்கி மும்பையின் யூனியன் வங்கிக்குள் மறைந்தபோது, கோலாலம்பூர் வங்கியின் பங்குப் பதிவேட்டில் இருந்த அந்த 25 விழுக்காட்டுக்கும் பெயர் மாற்றி எழுதினர்.